மேலே பார்த்துவிட்டு அமுக்கு

கேட்டுக்கு மேலே சுற்றுச்சூழல் சேவை நிறுவனம் என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கும். ஓரத்தில் ஓர் இலை வேறு. உள்ளே வந்தால் குப்பை. ஊர் தின்று துப்பியது எல்லாம் லாரியில் வந்து தரையில் கொட்டும். அங்கிருந்து பெல்ட்டில் ஏறும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பிரிப்பார்கள். பாட்டில் ஒரு தொட்டி, தகரம் ஒரு தொட்டி, அட்டை ஒரு தொட்டி, துணி ஒரு தொட்டி. துணி வந்தால் மட்டும் விடக் கூடாது. தப்பிப் போன துணி கடைசி உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அந்த உருளைக்கு ஒரு கம்பி வலை மூடி இருந்தது. துணியை எடுக்க ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்ததால் மூடியையே கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். பெண்கள் அதில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள்.

பெல்ட்டின் நீளத்துக்கு ஓர் அவசரக் கயிறும் உண்டு. முழங்கை பட்டாலே பெல்ட் நின்றுவிடுகிறது என்று அதையும் மேலே சுருட்டிக் கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது உருளைப் பக்கத்து முனையில் ஒரு நாற்காலி, அதை ஒட்டி ஒரு சிவப்புக் குமிழ். ‘ஆபத்தில் அமுக்கவும்’ என்று குமிழின் கீழே எழுதியிருந்தது. அமுக்கும் முன் மேலே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதி ஒட்டவில்லை. அது வாயால் சொன்னது.

மேலே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் பிளான்ட் மேனேஜர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் பெல்ட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘கண்ணாடி’ என்றால் போதும். பெல்ட் ஒரு தடவை நின்றால் மேலே ஏறிய சுமையை இறக்கி, எலக்ட்ரீஷியன் ஏறிப் பூட்டைத் திறந்து, மறுபடி ஓடவிட நேரமாகும். அதற்குள் லாரிகள் ரோடு வரைக்கும் வால் நீட்டி நிற்கும். தலைமை ஆபீசிலிருந்து கண்ணாடிக்கு போன் வரும். அதனால் கண்ணாடியின் சட்டம் இது: நாற்காலியில் இருப்பவள் முதலில் மேலே பார்க்க வேண்டும். அவர் தலையை ஆட்டினால் அமுக்கலாம். விரலை ஆட்டினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

முன்பு நாற்காலியில் இருந்தவள் ஒரு நாள் மேலே பார்க்காமல் அமுக்கினாள். பெல்ட்டில் ஒரு ஷூ வந்தது. உள்ளே கால் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். கால் இல்லை, நனைந்த காகிதம்தான் இருந்தது. மறுநாளே அவளைக் கண்ணாடிச் சில்லு பிரிக்கும் கொட்டகைக்குத் தள்ளினார்கள். அங்கே இரண்டு மாதம் கையைக் கிழித்துக்கொண்டு தானாகவே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு பெல்ட்டில் எல்லோருக்கும் கழுத்து பழகிவிட்டது. சத்தம் கேட்டால் மேலே பார்ப்பார்கள். தும்மல் வந்தாலும் மேலே பார்த்துவிட்டுத்தான் தும்முவோம் என்று ரேடியோ சொல்லுவாள்.

ரேடியோ என்பவள் அட்டைத் தொட்டிக்காரி. வாயை அணைக்கும் பொத்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

காலியான நாற்காலி அண்ணிக்குக் கிடைத்தது. அண்ணி என்று அவளைக் கூப்பிட்டவள் ஒருத்திதான், எதிரில் உருளையை ஒட்டி நின்ற அவள் நாத்தனார். ஆனால் அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு பெல்ட் முழுக்க அவள் அண்ணி ஆகிவிட்டாள். நாற்காலி வந்த பிறகு ரேடியோ அதையும் மாற்றினாள். “நாற்காலி வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்கடி” என்பாள். எப்படியும் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

உண்மையில் அந்த நாற்காலி நாத்தனாருக்கு வந்திருக்க வேண்டியது. புருஷன் துரத்தி அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், வந்த கையோடு இந்த வேலையைப் பிடித்தாள். அண்ணனுக்கு இங்கே லாரி ஓட்டும் வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். அண்ணியைக் கூட்டிவந்து பெல்ட்டில் நிறுத்தியவளும் அவள்தான். பெல்ட்டில் அவள் கை மாதிரி ஒரு கை கிடையாது. உருளையில் துணி சுற்றினால் பெல்ட் ஓடும்போதே நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவி எடுத்துவிடுவாள். பாம்பு பிடிக்கிறவன் வாலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அவள் உருளைப் பக்கம் நின்றால் பெல்ட் நிற்காது. அந்தக் காரணத்துக்காகத்தான் கண்ணாடி அவளை நாற்காலியில் உட்காரவிடவில்லை.

அண்ணியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. அவள் பயந்தவள். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, சாயங்காலம் செருப்புக்குள் பாதம் நுழையாது. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தவள். அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தான் சொன்னபடி அவள் கேட்பாள் என்று கண்ணாடிக்குத் தெரிந்திருந்தது.

“உக்காந்து தேயறதுக்கு அவங்க, நின்னு தேயறதுக்கு நானு” என்று நாத்தனார் வீட்டில் சொல்லுவாள். “என் மூலமா வந்துட்டு என் தலை மேலயே ஏறி உக்காந்தாச்சு.”

“நானா கேட்டேன்? குடுத்தாங்க, உக்காந்தேன்.”

“குடுத்தா வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா? வீட்ல மட்டும் அந்த வாய் காது வரைக்கும் போகுது.”

இது தினமும் நடந்தது. நடந்துவிட்டு இருவரும் ஒரே குடையில் வேலைக்கு வருவார்கள்.

அன்றைக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே தெரியும். குப்பை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ஆட்கள். தரையைக் கழுவினார்கள். சேஃப்டி சார் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வைத்தார். அவர் இளைஞர், சுத்தமான ஷூ, மரியாதையான பேச்சு. “என் பாதுகாப்பு என் கையில்” என்று அவர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். புது கோட்டு கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஆண்கள் அளவு. பெண்களுக்குக் கோட்டின் கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது.

கண்ணாடி படியிறங்கி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

“இன்னைக்கு பெல்ட் நிக்கக் கூடாது.”

“சரிங்க சார்.”

“நின்னா நாற்காலியும் நிக்காது. புரியுதா?”

“புரியுது சார்.”

டீ நேரத்தில் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அண்ணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ரொட்டி, ஓர் அவித்த முட்டை. வீட்டில் ஒரே முட்டைதான் மிச்சமிருந்தது. அதை அவள் தன் டப்பாவில் வைத்திருந்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை. பெல்ட்டிலிருந்து துணியை உருவுகிற அதே வேகத்தில் முட்டையை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

“அடிப்பாவி! அந்தக் கை வெளங்காமப் போக!”

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தாள். “நாற்காலி சாபம் விட்டா பலிக்கும்டி, ஜாக்கிரதை.”

நாத்தனார் வாய் நிறைய முட்டையோடு, “உக்காந்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு எதுக்கு முட்டை?” என்றாள். மஞ்சள் கரு தெறித்தது. அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “திங்கற வாய்ல புழு வைக்க” என்று இன்னொன்றும் விட்டாள்.

இத்தனைதான் நடந்தது. பத்துப் பேர் கேட்டார்கள். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

டீ முடிந்து பெல்ட் ஓட ஆரம்பித்ததும் மேலே பெரிய ஆட்கள் வந்துவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் கோட்டுகளும் முதுகுகளும் தெரிந்தன. சேஃப்டி சார் சுவரில் படம் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், கண்ணாடியும்தான்.

ஒரு ஜன்னல் திரை வந்தது. நீளமானது, ஈரமானது. ரேடியோ அதைத் தவறவிட்டாள். அது பாம்பு மாதிரி நெளிந்து போய் உருளையில் வாய் வைத்தது. நாத்தனார் வழக்கம்போல் நுனியைப் பிடித்து இழுத்தாள். பாதி வந்தது. இரண்டாவது தடவை கையை உள்ளே விட்டபோது திரை உருளையோடு சேர்த்துக் கோட்டுக் கையையும் சுற்றியது.

“அண்ணி!”

அண்ணியின் கை குமிழின் மேல்தான் இருந்தது. உள்ளங்கைக்குக் கீழே அதன் உருண்டை தெரிந்தது. அவள் கழுத்து தானாக மேலே போனது. மேலே முதுகுகள். கண்ணாடியின் முகம் திரும்பவில்லை. அவர் திரும்பட்டும் என்று அவள் காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருந்தாள். தலை ஆடினால் கை தானாக இறங்கும், ஆடாவிட்டால் இறங்காது. அவள் உடம்பு அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தது. முதுகு முதுகாகவே இருந்தது. இரண்டாவது அலறலில்தான் அவள் அமுக்கினாள்.

அப்போது முழங்கை வரைக்கும் போயிருந்தது.

பெல்ட் நின்றதும்தான் மேலே எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடி கீழே பார்த்து முதலில் செய்தது, தன் அறையின் திரையை இழுத்து மூடியது. விருந்தாளிகளைப் பின்பக்கப் படியில் இறக்கிக் கூட்டிப்போனார்கள். உருளையைப் பின்னால் திருப்பிக் கையை எடுப்பதற்கு எலக்ட்ரீஷியன் வந்து சேரும்வரை நாத்தனாரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அவள் அலறவில்லை. “கோட்டு, கோட்டு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுக் கோட்டு வீணாய்ப் போனதற்குத் தன்னைத் திட்டப் போகிறார்கள் என்று பயந்தாளோ என்னவோ.

வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனது. குழாயைப் போட்டுத் தரையைக் கழுவினார்கள். காலையில் கழுவிய அதே தரை. சாயங்காலத்துக்குள் பெல்ட் ஓடியது. லாரிகள் காத்திருந்தனவே.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அண்ணியின் புருஷன் அன்று லாரியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தவன். வீட்டுக்குத் திரும்பியபோது அவன் கையில் ஒரு பை நிறைய முட்டை இருந்தது. நேராகப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தான். அவள் எழுந்து, “நான் செய்யறேங்க” என்றாள். “உக்காரு” என்றான். “உக்கார்றதுதான உனக்குப் பிடிக்கும்.”

எல்லாவற்றையும் அவித்தான். உரித்தான். கை சுட்டது, கவலைப்படவில்லை. தட்டில் அடுக்கி அவள் முன்னால் வைத்தான்.

“தின்னு.”

“ஏங்க…”

“ஒரு முட்டைக்கு என் தங்கச்சி கையைக் கேட்டியாமே. பெல்ட் முழுக்கச் சொல்லுது. தின்னு.”

“நான் விளையாட்டுக்குச் சொன்னதுங்க. எல்லாரும் சிரிச்சாங்க.”

“ஏன் மேல பாத்த?”

“அவர்தான் பாக்கணும்னு சொல்லி வச்சிருக்கார். பாக்காம அமுக்கக் கூடாதுங்க. எங்க எல்லாருக்கும் அதான் பழக்கம்.”

“எதிர்ல கை போய்க்கிட்டு இருக்கு. நீ உத்தரவு கேட்டுக்கிட்டு நின்ன. அதை நான் நம்பணும்.” அவன் அடிக்கவில்லை. அடிக்கிற ஆளும் இல்லை. “மாடு கூடக் கன்னு கத்தினா திரும்பிப் பாக்கும்டி. தின்னு.”

அவள் தின்றாள். இரண்டுக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை. அவன் நகரவில்லை. மூன்றாவதைத் தண்ணீர் ஊற்றி இறக்கினாள். நாலாவதில் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். அவன் மிச்சத்தைக் குப்பைக் கூடையில் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்தான். அன்றிலிருந்து அவள் படுக்கை சமையலறைத் தரைக்கு வந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

இனி ஒருத்தி வாய் திறந்தால்தான் அவளுக்கு வீடு. அந்த ஒருத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

புருஷன் வண்டிக்குப் போன நேரம் பார்த்து அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாத்தனார் கண்ணைத் திறந்து கிடந்தாள். கட்டு தலையணை மேல் இருந்தது. அது சின்னதாக, வேறு யாருடையதோ போல இருந்தது. அண்ணி காலடியில் நின்றாள்.

“பக்கத்துல வாங்க அண்ணி. கடிக்க மாட்டேன்.”

அண்ணி அழுதாள்.

“நீங்க மேல பாத்தீங்க.”

“பழக்கம்டி. என் கழுத்து என் பேச்சைக் கேக்கல. சத்தியமா…”

“சத்தியம் பண்ணாதீங்க, இருக்கற கையும் போயிடும்.” அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. “எனக்குத் தெரியும். அந்த நேரத்துலயும் உங்க கழுத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நானா இருந்தாலும் மேலதான் பாத்திருப்பேன். யாரா இருந்தாலும்.”

அண்ணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இதை உங்க அண்ணன்கிட்டச் சொல்லுடி. அவர் என்னை மனுஷியாவே பாக்கல.”

“சொல்றேன். விசாரணை வைக்கறாங்களாம். அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்றேன். அந்தக் கண்ணாடி மூஞ்சியைப் பாத்துச் சொல்றேன்.” பிறகு, “தலையைச் சொறிஞ்சு விடுங்க அண்ணி, அந்தப் பக்கம் எட்டல” என்றாள்.

அண்ணி சொறிந்துவிட்டாள். வெகு நேரம் சொறிந்துவிட்டாள்.

அவள் போன பிறகு சேஃப்டி சார் பழக் கூடையோடு வந்தார். பழத்தை அவரே உரித்துக் கொடுத்தாராம். என்ன பேசினார் என்பது அவருக்கும் நாத்தனாருக்கும்தான் தெரியும்.

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைக்குப் பின்னால் சேஃப்டி சார், தலைமை ஆபீஸ் ஆள் ஒருவர், ஓரத்தில் கண்ணாடி. பெல்ட் பெண்கள் சுவரோரம். புருஷன் தங்கையைத் தாங்கிக் கூட்டிவந்து உட்கார வைத்தான்.

“ஸ்விட்ச் சரியா வேலை செஞ்சுதா?” என்று சேஃப்டி சார் ஆரம்பித்தார்.

“செஞ்சுது சார்” என்றான் எலக்ட்ரீஷியன்.

“அமுக்கினவுடனே நின்னுதா?”

“நின்னுது.”

“அப்போ இயந்திரத்துல குறை இல்ல.” அண்ணியின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏம்மா உடனே அமுக்கல?”

“மேல பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் அமுக்கணும்னு சார் சொல்லியிருக்கார்.”

கண்ணாடி கையை விரித்தார். “ஆபத்துல அமுக்கவும்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. நான் வேற எதுக்குச் சொல்றேன்? நான் அப்படிச் சொல்லி யாராவது கேட்டிருக்கீங்களா?”

பெண்கள் மேலே பார்த்தார்கள். மேலே வெறும் கூரை. பிறகு கீழே பார்த்தார்கள். ரேடியோவின் வாயை அணைக்கப் பொத்தான் இல்லை என்றார்களே, இருந்தது.

“வீட்ல உங்க ரெண்டு பேருக்கும் ஒத்துமையா?” சேஃப்டி சாரின் குரல் இன்னும் மரியாதையாக ஆனது. “அன்னைக்கு டீ நேரத்துல ஏதோ வார்த்தை வந்துதாமே. யாராவது சொல்லுங்க.”

ரேடியோ சொன்னாள். ஓர் எழுத்தும் விடாமல், புழு வரைக்கும் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு இல்லாமல் கேட்டபோது அந்த வார்த்தைகள் அண்ணிக்கே பயமாக இருந்தன.

“நீங்க சொல்லுங்கம்மா” என்று சேஃப்டி சார் நாத்தனாரைப் பார்த்தார். “நீங்க நேருக்கு நேரா பாத்தவங்க.”

அண்ணி அவள் முகத்தையே பார்த்தாள். நாத்தனார் அண்ணியைப் பார்க்கவில்லை. கட்டின் நுனியைப் பார்த்தாள்.

“வேணும்னே நின்னாங்க.”

“எப்படித் தெரியும்?”

“கை குமிழ் மேலதான் இருந்துச்சு. அமுக்கல. என்னைப் பாத்தாங்க. அப்புறம் வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க.”

புருஷன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். தலைமை ஆபீஸ் ஆள் ஏதோ எழுதிப் பேனாவை மூடினார். இது தொழிலிட விபத்து அல்ல, குடும்ப விஷயம் என்று முடிவானது. போலீசுக்குப் போக வேண்டாம் என்று கம்பெனி பெருந்தன்மை காட்டியது. இரண்டு பேரையும் வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. வெளியே விட்டால் அண்ணி யாரிடமாவது பேசுவாள், உள்ளே வைத்தால் சோற்றுக்காக வாயை மூடுவாள் என்று கண்ணாடிக்குக் கணக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து அண்ணி கேட்டாள். “ஏண்டி?”

நாத்தனார் ஒரு கையால் துணி பிழியப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்தாள். அதை விட்டாள்.

“ஒரு கைக்கு எந்த வேலை அண்ணி குடுப்பாங்க? உலகத்துல ஒரு கை போதும்னு இருக்கற வேலை எனக்குத் தெரிஞ்சு அந்த நாற்காலி ஒண்ணுதான்.”

“அதுக்காக என்னைக் கொலைகாரியாக்கிட்ட.”

“உங்களுக்கு ரெண்டு கை இருக்கு.”

“உங்க அண்ணனுக்காவது உண்மையைச் சொல்லு.”

“அவன் வாய் ஓட்டை. ரேடியோவுக்கு அண்ணன் மாதிரி. நாளைக்கே கம்பெனிக்குப் போயிடும்.” அவள் துணியை நீட்டினாள். “அந்த முனையைப் பிடிங்க.”

அண்ணி பிடித்தாள். இருவரும் முறுக்கிப் பிழிந்தார்கள்.

இப்போது நாத்தனார் நாற்காலியில். அண்ணி உருளையை ஒட்டி, நாத்தனார் நின்ற இடத்தில். சேஃப்டி சார் புதிதாக ஒரு பலகை மாட்டினார்: ‘வீட்டுச் சண்டையை வேலைக்குக் கொண்டு வராதீர்.’ உருளைக்கு வலை மூடி திரும்ப வந்தது, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை இருந்தது, பிறகு மறுபடி சுவரில் சாய்ந்தது. ஈரத் துண்டுகளுக்கு இடம் கிடைத்தது. ரேடியோ பழைய பெயரைப் புது ஆளுக்கு மாற்றினாள். “நாற்காலி வந்தாச்சு, எழுந்து நில்லுங்கடி.” அண்ணிக்கு இப்போது பெயரே இல்லை. அண்ணி என்று கூப்பிட நாத்தனாரைத் தவிர யாருக்கும் நாக்கு வரவில்லை. “ஏய், உருளை” என்றார்கள். டீ நேரத்தில் அவள் பக்கத்தில் டப்பாவைத் திறக்க யாரும் உட்காரவில்லை.

அவள் கால் வீங்கியது. கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்து நூலால் கட்டிக்கொண்டாள். ‘கோட்டை ஒழுங்கா போடும்மா, சேஃப்டி’ என்று கண்ணாடி மேலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார். அவிழ்த்துவிட்டாள்.

ஒரு மழை நாளில் மெத்தை விரிப்பு ஒன்று வந்தது. இரட்டைக் கட்டில் அளவு, சேற்றில் ஊறியது. அண்ணி அதைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு நாத்தனாரின் வேகம் கிடையாது. விரிப்பின் ஒரு முனை உருளைக்குள் போனது. மறு முனை அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியது.

“அமுக்குடி!”

நாத்தனாரின் கை, இருந்த ஒரே கை, குமிழின் மேல்தான் இருந்தது.

அவள் மேலே பார்த்தாள்.

அண்ணி அந்தக் கழுத்தைப் பார்த்தாள். உருளை இழுத்துக்கொண்டிருந்தது. தோள்பட்டை பெல்ட்டின் விளிம்பில் இடித்தது. அப்போதும் அவள் அந்தக் கழுத்தையே பார்த்தாள், நரம்பு புடைத்து மேலே திரும்பியிருந்த கழுத்தை. மேலே கண்ணாடி போனில் பேசியபடி அறையின் மறு மூலையில் நடந்துகொண்டிருந்தார். ஈரக் கோட்டின் தையல் தோளிலிருந்து கிழிந்தது. கோட்டுக் கை முழுதாகக் கழன்று விரிப்போடு உள்ளே போனது. அண்ணி பின்னால் விழுந்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. ஆனால் கை இருந்தது.

அதற்குப் பிறகு பெல்ட் நின்றது.

சத்தம் அடங்கியதும் ரேடியோ முதலில் பேசினாள். “பழி வாங்கிட்டாடி! பாத்தீங்களா, அப்படியே அசையாம உக்காந்திருந்தா!”

“கைக்குக் கை கேட்டா, தோலோட போச்சு” என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள். “செஞ்ச பாவம் சும்மா விடுமா?”

நாத்தனார் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. உதடு அசைந்தது. “மேல ஆள் இல்ல அண்ணி” என்றாள். “திரும்புவார்னு… திரும்பல.”

அண்ணி தரையில் உட்கார்ந்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டாள். எரிந்தது. “தெரியும்” என்றாள். “இப்ப சொல்லேன். இவங்க எல்லாரும் நிக்கறாங்க. பழி இல்ல, பழக்கம்னு சொல்லேன்.”

நாத்தனார் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் பயமும் மரியாதையும் கலந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவள் உட்கார்ந்தாள்.

“சொன்னா நாற்காலி போயிடும் அண்ணி.”

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. “யார் நிறுத்தினது? யாரைக் கேட்டு நிறுத்தின?”

நாத்தனார் மேலே பார்த்துக் கும்பிட்டாள். ஒரு கையால் கும்பிட முடியாது, நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தான். கோட்டுக் கையை உருளையிலிருந்து உருவித் தொட்டியில் எறிந்தான். துணித் தொட்டியில்தான் எறிந்தான், பிரித்துப் போடுவது அவனுக்கும் பழகியிருந்தது. பெல்ட் ஓட ஆரம்பித்தது. அண்ணி எழுந்தாள். சுவரில் சாய்ந்திருந்த வலை மூடியிலிருந்து யாருடையதோ ஓர் ஈரத் துண்டை எடுத்துக் கையில் சுற்றினாள். தொங்கிய நுனியைப் பல்லால் கடித்து இறுக்கி உள்ளே செருகினாள். முதல் பாட்டில் வந்தது. எடுத்தாள்.